முனி கூட்டி வைத்த நிலம்

ஈப்போவில் நான் குடித்த முதல் தேநீரில் எறும்பு மிதந்தது. காதர் பாயிடம் குவளையைக் காட்டினேன். "கண்ணுக்கு நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டேனோ என்று பயந்து வேறு தேநீர் ஆற்றிக் கொடுத்தார். அதிலும் ஒன்று கிடந்தது. அந்த ஊரில் சர்க்கரை இருக்கும் இடமெல்லாம் எறும்பும் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு குடித்தேன்.

கீழே காதர் பாயின் சாப்பாட்டுக் கடை, மாடியில் எனக்கு அறை. விடியும் முன்பே ரொட்டி சானாய் மாவைக் கல்லில் அடிக்கும் ஓசை தொடங்கிவிடும். எங்கள் மதுரைப் பரோட்டாவின் தம்பிதான் அது, ஆனால் வெளிநாட்டுக்கு வந்து மெலிந்துவிட்டது. பருப்புக் குழம்பைத் தலைமேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நான் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது ரொட்டி கேட்டேன்.

மதுரையில் என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். குடியிருப்புகளுக்குப் போய், குப்பையை எங்கே மக்க வைக்கலாம், சாக்கடைத் தண்ணீரை எப்படி வாழைக்குத் திருப்பலாம், எந்தத் தெருவுக்கு எந்த மரம் ஒத்துவரும் என்று வகுப்பு எடுப்பேன். வீட்டில் எனக்குக் குப்பை டீச்சர் என்று பெயர். இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் லெட்சுமி என்னை மலேசியாவுக்கு அழைத்திருந்தாள். எண்பதுகளின் தொடக்கம் அது. லெட்சுமி பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கும் அங்கேயே சின்ன வீடுகள். நடுவில் ஒரு துண்டு நிலத்தைப் பொதுவுக்குத் தருவதாகக் கட்டுமான நிறுவனம் சொல்லியிருந்தது. அதில் என்ன செய்யலாம் என்று மக்களோடு உட்கார்ந்து பேசத்தான் நான் வந்தேன்.

எங்கே போகிறேன் என்று சொன்னதும் காதர் பாய் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"அந்தத் தோட்டத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி கொண்டுபோனேன். வேன ஒரு எடத்துல நிப்பாட்டினேன். என்னமோ காது அடச்சிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறந்தான் தெரியுது, காது அடைக்கல. அங்க சத்தமே இல்ல."

"பேயா பாய்?"

"நான் பேய நம்புற ஆளில்லம்மா. அதான் பயமா இருக்கு."

மறுநாள் பஸ்ஸில் போனேன். அந்த ஊரில் புதிதாக எழும்பும் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் தாமான் என்றுதான் பெயர் ஆரம்பிக்கும். நான் தாமான் என்றதும் நடத்துநர் தலையாட்டினார், ஜெலாப்பாங் தாண்டி ஏதோ ஒரு தாமானில் இறக்கிவிட்டார். அங்கே ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே நிறக் கதவுகள். ஒரு சீன அம்மாள் வாசலில் தவ்கே முளைப்பயற்றுக்கு வேர் கிள்ளிக்கொண்டிருந்தார். முகவரி எழுதிய என் காகிதத்தைப் படித்துவிட்டு, "அடடா, நீ தப்பான தாமானுக்கு வந்துட்டே, இங்கே பாதிப்பேர் அப்படித்தான் வர்றாங்க" என்று மலாயில் சொன்னாராம். சொன்னாராம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் அதை எனக்குத் தமிழில் சொன்னவர் அந்த வழியாகச் செங்கல் ஏற்றி வந்த லோரியின் ஓட்டுநர். அந்த லோரியில்தான் போய்ச் சேர்ந்தேன். சேலையெல்லாம் செம்மண்.

எங்கள் ஊரில் முதலில் வீடு வரும், பத்து வருடம் கழித்துச் சாலை வரும், சாக்கடை கடைசிவரை வராது. இங்கே சாக்கடைதான் முதலில். வீடே இல்லாத இடத்தில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன. பின்னால் சுண்ணாம்பு மலை, வெளுத்துப்போய். வெட்டிய ரப்பர் மரங்களின் அடிக்கட்டைகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நேர்கோட்டில். ஓரத்தில் பழைய லயங்கள், நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள். அதில் ஒன்றில்தான் லெட்சுமி பாலர் பள்ளி நடத்தினாள். தோட்டத்துத் தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை அது.

லெட்சுமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுறுசுறுப்பு, வேகமான பேச்சு, அதைவிட வேகமான கோபம். பார்த்த உடனே பிடித்துவிட்டது. "டீச்சர், இந்தப் புள்ளைங்களுக்கு மத்தியானம் ஒரு கீரை, ஒரு காய் குடுக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். ஞாயித்துக்கிழம கோத்தோங் ரோயோங் வெச்சிருக்கேன். எல்லாரும் சங்கோலோட வந்துடுவாங்க" என்றாள். கோத்தோங் ரோயோங் என்றால் ஊரே கூடிச் செய்யும் வேலை. சங்கோல் என்றால் மண்வெட்டி.

அன்று மாலை என் வழக்கமான முதல் பாடம். பாலர் பள்ளியின் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் அவரவர் தம் இடத்தை வரையவேண்டும். எங்கே வீடு, எங்கே தண்ணீர், எங்கே நடப்பீர்கள், எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள். பெரியவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு சண்டை போட்டுக்கொண்டு வரைந்தார்கள். இந்தப் பாடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

எழுந்து நின்று பார்த்தேன். எல்லாருடைய வரைபடத்திலும் ஒரே இடம் வெறுமையாக இருந்தது. கிழவர் வரைந்ததிலும், பள்ளிக்கூடப் பெண் வரைந்ததிலும். பாதைகள் அதை நோக்கி வந்து, பக்கத்தில் போனதும் வளைந்து விலகின.

"இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணும் இல்ல லா" என்றார் ஒருவர். மற்றவர்கள் கைச் சுண்ணத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

லெட்சுமிதான் பதில் சொன்னாள். "முனியாண்டி எடம் டீச்சர். அதத்தான் கம்பெனி நமக்குப் பொதுநெலமாக் குடுக்குது. சமமா இருக்கு, மரம் வெட்டுற செலவில்ல, பக்கத்துலயே பைப்பு. ஆனா நம்ம ஆளுங்க கால வெக்க மாட்டாங்க. எங்கம்மாதான் எல்லாத்துக்கும் காரணம். வருசா வருசம் திருவிழாவுல அவங்க மேலதான் முனி வருவாரு."

அங்கே என்னை அழைத்துப் போனாள். வெயில் சாயும் நேரம். சுற்றிலும் லாலான் புல் இடுப்பளவு. அது எங்கும் முளைக்கும், வெட்ட வெட்ட முளைக்கும். ஆனால் ஒரு கோடு போட்டாற்போல அது நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் முற்றம் அளவுக்கு வெற்று மண். ஒரு செடி இல்லை, ஒரு சருகு இல்லை. நடுவில் மஞ்சள் பூசிய கல், துருப்பிடித்த சூலம்.

"யார் இவ்வளவு சுத்தமாகக் கூட்டுகிறார்கள்?"

"யாரும் கூட்டல டீச்சர். முனி கூட்டி வெச்சிருக்காருன்னு சொல்லுவாங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் தம்பி குமரன் ரெண்டு வயசுல செத்துப் போனான். இங்க வந்து வெளையாண்டான், முனி அடிச்சிட்டாருன்னு அம்மா பின்னாடி சொன்னாங்க. வாந்தி, வயித்தால போவுது, அந்தப் புள்ளைக்கு வேப்பிலை அடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பான். அதான் சொல்றேன், இந்த எடத்தக் கொத்தி, இதுல கீரை போட்டு, அதப் புள்ளைங்க திங்கிறத எங்கம்மா பாக்கணும்."

அவள் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. பையிலிருந்த மிளகாய் நாற்றுகளை அங்கேயே நட்டேன். மண்ணில் மண்புழு தேடுவதும் என் வழக்கம். கொட்டாங்கச்சியால் தோண்டினேன், ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் காதர் பாய் சொன்னது புரிந்தது. லாலானுக்குள் பூச்சிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்ததும் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஈப்போவிலேயே தங்கிவிட்டேன். காதர் பாய் தொழுகைக்குப் போய்வந்து பிரியாணி பரிமாறினார். ஊறுகாய்க்குப் பதில் அன்னாசிப் பச்சடி. இந்த ஊரில் எல்லாவற்றிலும் அன்னாசி போடுகிறார்கள், மீன் குழம்பில்கூட. கண்ணாடிப் பெட்டியில் இருந்த இனிப்பு உருண்டையைச் சுற்றி எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலும். "என்னம்மா, எறும்பப் பாத்தா இன்னும் கோவமா?" என்றார்.

சனிக்கிழமை காலை சீக்கிரமே போனேன். லெட்சுமி இன்னும் வரவில்லை. நாற்றுகள் நின்ற இடத்திலேயே பழுப்பாகி நின்றன. பூச்சி கடிக்கவில்லை, மாடு மேயவில்லை. அப்படியே செத்திருந்தன. கல்லின் முன்னால் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல், லெட்சுமியின் அம்மா முந்தைய நாள் வைத்த படையலாக இருக்கவேண்டும். நெய்யும் வெல்லமும் இலையில் வழிந்து காய்ந்திருந்தன. குனிந்து பார்த்தேன்.

ஓர் எறும்பு இல்லை.

இந்த ஊரில், இந்த வெக்கையில், ஒரு நாள் முழுவதும் திறந்து கிடந்த பொங்கலில் ஓர் எறும்பு இல்லை. பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பகல் வெளிச்சத்தில்தான் நின்றேன். ஆனாலும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

பயத்தை விரட்ட எனக்குத் தெரிந்த வழி வேலை செய்வதுதான். ஒரு பிடி மண்ணை அள்ளினேன். உப்பு மண்ணா என்று நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். கையை வாயருகே கொண்டுபோனேன்.

கையில் பலமாக ஓர் அடி விழுந்தது. மண் சிதறியது.

"வேணாம் டீச்சர்! வாயில வெக்காதீங்க!"

லெட்சுமியின் அம்மா சிவகாமி. ஒடிசலான பெண், ஐம்பதுக்கு மேல் இருக்கும். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். துணி சோப்புப் போட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கழுவினார், மறுபடி தேய்த்தார். அவருடைய விரல்களை அப்போதுதான் பார்த்தேன். சில விரல்களில் நகமே இல்லை. இருந்தவையும் வெளுத்துச் சுருண்டிருந்தன.

"இங்கதான் மருந்துக் கொட்டாய் இருந்துச்சு" என்றார். களைக்கொல்லியைத் தோட்டத்தில் மருந்து என்றும், ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றும்தான் சொல்வார்கள். "கெழட்டுப் பால்மரத்தக் கொல்றதுக்கும் லாலானுக்கும் மருந்து. நாங்க பொம்பளைங்கதான் கலக்குவோம், தோள்ல மாட்டி அடிப்போம். சாயங்காலம் இங்க வந்து பம்பக் கழுவி ஊத்துவோம். வருசக் கணக்கா ஊத்துனோம். மரத்தையே கொல்ற மருந்து டீச்சர். தரை குடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

"அப்படியானால் முனி?"

"முனிய நாந்தான் கொண்டாந்து வெச்சேன்."

குமரன் போன பிறகுதான் கொட்டகையைப் பிரித்தார்களாம், இடம் சுத்தமாக இருக்கிறதென்று பிள்ளைகள் கோலி விளையாட வந்தார்களாம். விஷம் என்று இவர் சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்களாம். வீண் வதந்தி கிளப்பாதே, லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டி வரும் என்று மண்டோர் மிரட்டினாராம். மண்டோர் என்றால் வேலை வாங்கும் மேற்பார்வையாளர்.

"வெசத்துக்கு யாரும் பயப்படல. முனிக்குப் பயந்தாங்க. மொத வருசம் திருவிழாவுல நான் சும்மாதான் ஆடினேன், டீச்சர். எல்லாரும் நம்பணுமே." என் கையை இன்னும் விடவில்லை. "இப்ப உண்மையிலயே வாராரு. நான் கூப்புடறதில்ல. ஒடம்பு தூக்கிப் போடுது. வெச்சது நான்தான், ஆனா இப்ப எனக்கே பயமா இருக்கு."

குமரனைப் பற்றி நான்தான் கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம்.

"மருந்து வந்த காலித் தகரத்த யாரும் தூக்கிப் போடமாட்டோம். எல்லா வீட்டுலயும் தண்ணி புடிக்கிறது அதுலதான், அரிசி போட்டு வெக்கிறதும் அதுலதான். நானும் ஒண்ணு கொண்டாந்தேன். சாம்பல் போட்டு நல்லாத்தான் தேச்சேன். புள்ள குளிக்கிறப்ப தகரத்துத் தண்ணிய அள்ளி அள்ளிக் குடிப்பான். அப்ப எனக்கு வெளங்கல. அவன் போனப்புறம், அதே தகரத்துல தண்ணி குடிச்ச பக்கத்து வீட்டு ஆடும் செத்துச்சு. அப்பத்தான் வெளங்குச்சு."

"இதை லெட்சுமியிடம் சொல்லிவிடுங்கள். அவள் புரிந்துகொள்வாள்."

சிவகாமி என்னைப் பார்த்தார். "நான் விடியுறதுக்கு முந்தியே வேலைக்குப் போயிடுவேன். அவதான் தம்பியக் குளிப்பாட்டுவா. ஏழு வயசு. அந்தத் தகரத்துல மொண்டு மொண்டு ஊத்துனது அவதான் டீச்சர். நான் எப்புடிச் சொல்ல?"

முனி யாருக்காக வைக்கப்பட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஈப்போவுக்குத் திரும்பியதும் கட்டுமான நிறுவனத்து அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். சீனர், இளம் குரல், மரியாதையான பேச்சு. "மேலே ஓர் அடி நல்ல மண் கொட்டித் தருகிறோம் மேடம், கீரை ஜோராக வளரும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மண்ணைச் சோதிக்கவேண்டும் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை, நாளை நிலத்தை ஒப்படைக்க நானே வருகிறேன் என்றார். ஈப்போவுக்குக் கிளம்புமுன் லெட்சுமியிடமும் விஷத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன், தகரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "அம்மா உங்களையும் மடக்கிட்டாங்களா டீச்சர்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. காதர் பாய் பெரிய வாணலியில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தார். வாளி நிறைய ரோஜா நிறச் சர்பத். திருவிழா என்றே சொல்லலாம். ஆனால் சங்கோலோடு வந்தவர்கள் எல்லாரும் லாலான் முடியும் கோட்டிலேயே நின்றுவிட்டார்கள். லெட்சுமி மட்டும் வெற்று மண்ணுக்குள் நடந்தாள்.

"ஒரு புள்ள செத்தது போதாதா? இன்னும் எத்தன நாளைக்குக் கல்லுக்குப் பயப்படுவீங்க? மொத வெட்டு நான் வெட்டுறேன். முனி இருந்தா என்னய அடிக்கட்டும்" என்று சங்கோலை உயர்த்தினாள்.

அப்போது கூட்டம் பிளந்தது. சிவகாமி தலைமுழுகி ஈரச் சேலையோடு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் சொல்லாமலே ஒருவர் உறுமியைத் தட்ட ஆரம்பித்தார். பெண்கள் குலவை இட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், முனி வரப்போகிறார்.

சிவகாமி ஆடவில்லை. மகளுக்கு எதிரில் போய் நின்றார். தன் சொந்தக் குரலில், தெளிவாகப் பேசினார்.

"இங்க முனி இல்ல. நாந்தான் வெச்சேன். இந்த மண்ணு பூரா வெசம். குமரன முனி அடிக்கல. வெசத் தகரத்துல தண்ணி புடிச்சி, என் கையால நாந்தான் அவனக் குளிப்பாட்டினேன். நாந்தான் கொன்னேன்."

உறுமி நின்றது. பிறகு யாரோ ஒரு கிழவர், "சாமி பேசுது! நாந்தான் கொன்னேன்னு சொல்லுது, கேட்டீங்களா?" என்று கத்தினார். அவ்வளவுதான். சங்கோல்கள் கீழே விழுந்தன. ஆண்களும் பெண்களும் லாலான் ஓரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

"நான் முனி இல்ல! சிவகாமி! நாந்தான்டா, சிவகாமி!" என்று அவர் கதறினார். கதறக் கதற அவர்கள் இன்னும் அழுத்தமாக நெற்றியைத் தரையில் வைத்தார்கள். அவர் ஊரறியச் சொன்ன உண்மையை ஒருவரும் அவர் சொன்னதாகக் கேட்கவில்லை. நான் அழுதேன்.

நிலத்தை ஒப்படைக்க வந்து என் பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டை அதிகாரி, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். மண்ணில் விஷம் இருக்கிறது, யாரும் தொடவேண்டாம் என்கிறார் என்றேன். முந்தைய நாள் தொலைபேசியில் நான் சொன்னதும் அதைத்தான். இப்போது அவர் முகம் வெளுத்துவிட்டது. "தெய்வம் சொல்லிவிட்டால் நாங்கள் மறுக்கமாட்டோம் மேடம்" என்றார். வண்டியிலிருந்து ஊதுவத்தி எடுத்துவந்து, கோட்டுக்கு வெளியே நின்று மூன்று முறை குனிந்தார். பொதுநிலத்தைப் பாலர் பள்ளிக்குப் பின்புறம் மாற்றிக்கொள்ளலாம், இந்த இடத்துக்கு வேலி போட்டுவிடலாம் என்று அங்கேயே வரைபடத்தில் கோடு போட்டார்.

ஊர்க்காரர்களில் விழாமல் நின்றது லெட்சுமி ஒருத்திதான். அவள் கையில் சங்கோல் இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்னை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு வந்தாள். டோடோல் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். பள்ளிக்குப் பின்புற மண்ணில் நிறைய மண்புழு இருப்பதாகச் சொன்னாள். கீரை விதை எப்போது போடலாம் என்று கேட்டாள். நானும் வேண்டிய அளவுக்கு மேல் விளக்கிச் சொன்னேன்.

பஸ் வந்து நின்றது. ஏறப்போனேன்.

"டீச்சர், அம்மா உங்ககிட்ட வேற ஏதும் சொன்னாங்களா?"

"இல்லையே" என்றேன்.

"அம்மா எங்கள ஒரு நாளும் குளிப்பாட்டினதில்ல டீச்சர்" என்றாள் மெதுவாக. "விடியுறதுக்கு முந்தியே வேலைக்குப் போயிடுவாங்க."

நடத்துநர் அவசரப்படுத்தினார். ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லெட்சுமி கையசைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.